பாதியில் நிற்கிறவர்களுக்கும் மைக் கொடுங்கள்

எங்கள் சபையில் மாதக் கடைசி ஞாயிறு சாட்சி நேரம் உண்டு, அநேகமாக உங்கள் சபையிலும் இருக்கும். யாராவது எழுந்துபோய் மைக்கைப் பிடித்து, மகனுக்கு சிங்கப்பூரில் வேலை கிடைத்தது, மகளுக்கு வரன் அமைந்தது, ஸ்கேனில் இருந்த கட்டி அடுத்த ஸ்கேனில் இல்லை, லோன் கிடைத்து வீட்டுக்கு மேல்தளம் போட்டாயிற்று என்று சொல்வார்கள். நாம் கை தட்டுவோம், அல்லேலூயா சொல்வோம். எனக்கும் சந்தோஷம்தான், பொறாமையெல்லாம் இல்லை (சரி, கொஞ்சம் உண்டு). ஆனால் கவனித்துப் பாருங்கள், அந்த மைக் முடிந்த கதைகளுக்கு மட்டும்தான் போகிறது. இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறவர்கள், கேட்டுக் கேட்டு தொண்டை காய்ந்தவர்கள், பின் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போய் குழம்பு வைக்கிறார்கள். என்னைக் கேட்டால் சபையில் விசுவாசத்தை அதிகம் செலவழிக்கிறவர்கள் அவர்கள்தான்.

நானும் அந்த பின் பெஞ்சு ஆள். என் வீட்டுக்காரர் ஆத்தங்குடிக் கல், அதாவது கண்ணாடியின் மேல் வார்த்துச் செய்கிற பூப்போட்ட தரைக் கல், பதிக்கிறவர். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் பெரிய வீடுகளில் தளம் பெயர்ந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். போன வருஷம் ஒருநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டு இருந்தவருக்கு வாய் ஒரு பக்கம் கோணி, வலது கை தொங்கிவிட்டது. பக்கவாதம். அந்த நேரத்திலும் ஒருவர் போனில், "முதலில் எண்ணெய் பூசி ஜெபிப்போம், அப்புறம் ஆஸ்பத்திரி பார்க்கலாம்" என்றார். நான் 108-ஐக் கூப்பிட்டுவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்து ஜெபித்தேன். இதை வாசிக்கிற எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சு குழறினால், ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. ஜெபத்துக்கு அப்படி ஒரு கெடு கிடையாது, ஆம்புலன்சிலும் ஜெபிக்கலாம்.

உயிர் தப்பிவிட்டது. பேச்சு முக்கால்வாசி வந்துவிட்டது. கை வரவில்லை. கல் பதிக்கிறவருக்கு வலது கை வரவில்லை என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. இப்போது வீடு ஓடுவது என் பலகாரத்தில். தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை, முகூர்த்த நாட்களில் அதிரசம்.

அவர் படுத்திருந்த நாட்களில் பார்க்க வந்தவர்களில் நல்லவர்கள் நிறைய. ஆனால் சிலர் வாயைத் திறந்தார்கள். "விசுவாசத்தோடு கேட்டீங்களா சிஸ்டர்?" "வீட்டுல ஏதாச்சும் அறிக்கையிடாத பாவம் இருக்கான்னு பாருங்க." ஒருவர் சாபக்கட்டு என்றார். இன்னொருவர் டிவியில் பார்த்தாராம், விதைக் காணிக்கை அனுப்பினால் நூறு மடங்கு வருமாம். வாரா வாரம் குழுப் பணம் கட்டவே கடலைமாவு டப்பாவுக்குள் தேடுகிற வீட்டில் வந்து சொல்கிறார்!

யோபுவின் சிநேகிதர்களை நாம் பிரசங்கத்தில் திட்டுகிறோம், ஆனால் அவர்கள் வந்தவுடன் செய்ததைப் படித்துப் பாருங்கள். ஏழு நாள், ஏழு இரவு, ஒரு வார்த்தை பேசாமல் யோபுவோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் சரியாகத்தான் இருந்தது. அப்புறம் வாயைத் திறந்து, நீ ஏதோ செய்திருக்கிறாய், அதனால்தான் இது என்று அதிகாரம் அதிகாரமாக விளக்கினார்கள். கடைசியில் கடவுளுக்குக் கோபம் வந்தது புலம்பிய யோபுவின் மேல் அல்ல, விளக்கம் சொன்ன இவர்கள் மேல். நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று நேரடியாகவே சொல்கிறார். இது 42-வது அதிகாரம். வியாதி வீட்டுக்குப் போகிற ஜெபக்குழுக்காரர்கள் போவதற்கு முன் ஒருமுறை வாசித்துவிட்டுப் போகலாம்.

அந்த ஏழு நாள் வேலையை எனக்காகச் செய்தவர் ஒரு ஆச்சி. எங்கள் தெருவில் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார், பிள்ளைகள் எல்லாம் வெளியூர், என்னிடம் பலகாரம் வாங்குகிறவர். ஆஸ்பத்திரிக்குத் தூக்குவாளியில் ரசம் சாதம் கொண்டுவந்து, "சாப்பிடு ஆத்தா" என்று மட்டும் சொல்லிவிட்டு, சாயங்காலம் வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பரிகாரம் சொல்லவில்லை, ஜோசியம் சொல்லவில்லை. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்த குடும்பம் அவருடையது. அந்தச் சொத்து ஒருநாள் திரும்பி வரும் என்று அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, சாகிறவரைக்கும் பத்திரங்களை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாராம். போனது வராமலே வாழ்ந்த ஒரு வீட்டில் வளர்ந்தவருக்கு, போனது எப்போது வரும் என்று என்னிடம் ஆரூடம் சொல்லத் தோன்றவில்லை போலிருக்கிறது.

இனி வாக்குத்தத்த அட்டைக்கு வருகிறேன், இதில் கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் தட்டிலிருந்து ஆளுக்கொரு அட்டை எடுப்போம் இல்லையா, அந்த வருஷம் எனக்கு வந்தது எரேமியா 29:11. "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." நல்ல வசனம், பிரிட்ஜில் ஒட்டினேன். அதற்குப் பிறகுதான் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்தேன், கூடவே முந்தின அதிகாரத்தையும்.

28-ல் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான். பாபிலோனுக்குச் சிறை போனவர்கள் இரண்டே வருஷத்தில் திரும்பி வருவார்கள் என்று எல்லார் முன்னிலையிலும் அடித்துச் சொல்கிறான். இன்றைக்கு இருந்தால் அவனுக்குத்தான் கூட்டம் சேரும், யூடியூப் சேனலும் இருக்கும். அவன் சொன்னது பொய் என்கிறார் எரேமியா. அப்புறம்தான் 29, சிறைபோனவர்களுக்கு அவர் எழுதிய கடிதம். அதில் நம் அட்டை வசனத்துக்கு ஒரு வசனம் முன்னால் என்ன இருக்கிறது? எழுபது வருஷம். அந்தக் கடிதத்தை வாங்கிப் படித்த பெரியவர்களில் அநேகம் பேர் ஊர் திரும்பாமலே பாபிலோனில் செத்திருப்பார்கள். அவர்களுக்குத்தான் "தீமைக்கல்ல" என்று எழுதியிருக்கிறது! அதுவரைக்கும் என்ன செய்ய? அதையும் 5 முதல் 7 வரை உள்ள வசனங்களிலேயே சொல்லிவிடுகிறார்: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், இருக்கிற ஊரின் நன்மைக்காக ஜெபியுங்கள்.

எழுபது வருஷத்தை வெட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் அட்டையில் அச்சடித்தால் எரேமியாவின் வசனத்தை அனனியாவின் வாயில் வைத்த மாதிரி ஆகிவிடுகிறது. அட்டையே வேண்டாம் என்று சொல்லவில்லை, கொஞ்சம் பெரிய அட்டையாகப் போடுங்கள்.

பிலிப்பியர் 4:13-க்கும் இதே கதிதான். "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பதைப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளின் பேனா டப்பாவில் ஒட்டுகிறோம். எழுதிய பவுல் அப்போது காவலில் இருந்தார். அதற்கு முந்தின வசனத்தில், பட்டினியாக இருக்கவும் கற்றுக்கொண்டேன், குறைவுபடவும் கற்றுக்கொண்டேன் என்கிறார். அந்தப் பலம் ஜெயிப்பதற்கு மட்டும் கிடைத்த பலம் இல்லை.

என் அம்மா தேவகோட்டைப் பக்கம், கத்தோலிக்கர். நான் கல்யாணம் ஆகி புராட்டஸ்டண்ட் சபையான சி.எஸ்.ஐ-க்கு வந்தவள். மருமகனுக்காக அம்மா, அருளானந்தர் இரத்தம் சிந்திய ஓரியூருக்குப் போய் செம்மண் எடுத்துவந்து தலைமாட்டில் வைத்தார். மாமியார் வீட்டில் முகத்தைச் சுளித்தார்கள், நான் எடுக்கவில்லை, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் அந்த மண்ணைப் பார்க்கப் பார்க்க ஒன்று தோன்றியது. அருளானந்தர், அதாவது ஜான் தெ பிரிட்டோ, லிஸ்பன் நகரத்துப் பெரிய இடத்துப் பிள்ளை. 1686-ல் மறவர் நாட்டில் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டு, உயிரோடு விடுதலையானார். ஐரோப்பாவுக்குப் போனவர் அங்கேயே சுகமாக இருந்திருக்கலாம், திரும்பவும் இங்கேதான் வந்தார். மறுபடி பிடித்தார்கள், 1693 பிப்ரவரி 4-ம் தேதி ஓரியூரில் தலையை வெட்டினார்கள். ஒரே ஆள், ஒரே விசுவாசம், முதல் தடவை விடுதலை, இரண்டாவது தடவை இல்லை. இரண்டாவது தடவை அவருக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்று யாராவது சொல்வோமா? 1947-ல் புனிதர் பட்டமே கொடுத்தார்கள். மண் எடுக்க வேண்டாம் என்கிற நம் ஆட்கள் அப்போஸ்தலர் 12-ஐத் திறக்கலாம். ஏரோது யாக்கோபைப் பட்டயத்தால் வெட்டுகிறான், அதே அதிகாரத்தில் பேதுருவைத் தூதன் வந்து சிறையிலிருந்து கூட்டிக்கொண்டு போகிறான். யாக்கோபுக்கு மட்டும் ஏன் தூதன் வரவில்லை என்று அதை எழுதிய லூக்கா ஒரு வரி விளக்கம்கூட எழுதவில்லை. லூக்காவே எழுதாத விளக்கத்தை நாம் ஏன் அடுத்தவர் கட்டிலின் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும்?

விளக்கம் என்றதும் ஞாபகம் வருகிறது, ஒரு பிரசங்கியார் வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம், "பிரதர், உங்க ஆத்தங்குடிக் கல்லு மாதிரிதான் தேவ திட்டம். கண்ணாடியில கவுத்துப் போடும்போது பூ தெரியாது, எடுத்தாத்தான் தெரியும்" என்றார். இவர் குழறிய பேச்சில், "எடுக்கும்போது உடையிற கல்லும் உண்டுங்க ஐயா" என்றார். ஐயா நல்லவர், சிரித்துவிட்டார். நானும் ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன்.

அப்படியென்றால் நீ எதை நம்புகிறாய் என்று கேட்பீர்கள். கை வந்துவிடும் என்று நம்புகிறேனா? ஆசைப்படுகிறேன், தினமும் கேட்கிறேன். நம்புவது வேறு. காலையில் எழுந்திருக்கும்போது ஆண்டவர் இந்த வீட்டைவிட்டுப் போய்விடவில்லை என்று நம்புகிறேன். பெரும்பாலும் அவ்வளவுதான். சில நாள் அதுவும் ஆட்டம் காணும், அன்றைக்கு 88-ம் சங்கீதம் எடுப்பேன். ஆரம்பம் முதல் கடைசி வரி வரைக்கும் விடியாத சங்கீதம் அது. ஆனால் அதை எழுதினவன் திட்டினாலும் அழுதாலும் ஆண்டவரைப் பார்த்துத்தான் திட்டுகிறான், அவரிடம்தான் அழுகிறான், முதல் வரியிலேயே "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கூப்பிட்டுவிடுகிறான். வேதாகமத்திலேயே இதற்கு இடம் இருக்கும்போது நம் சாட்சி நேரத்தில் இல்லை.

நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள் என்று இயேசு சொன்னது உண்மைதான், ஆனால் அதிரச மாவை முதல் நாளே பாகில் போட்டு வைக்காவிட்டால் நாளைக்கு ஆர்டர் கிடையாது. கவலை வேறு, வேலை வேறு என்று பிரித்துக்கொள்கிறேன். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை அன்றன்று எங்களுக்குத் தாரும்" என்ற ஜெபம் பலகாரக்காரிக்கு நன்றாகவே புரிகிறது, ஒரு வாரத்துக்குச் சேர்த்து என் வாழ்க்கையில் எதுவும் வருவதில்லை. எண்ணெய் விலை ஏறின வாரம் பழைய பாக்கி ஒன்று தானாக வந்தது. அடுத்த வாரம் அப்படி எதுவும் வரவில்லை, குழுவில் மற்றவர்களிடம் கெஞ்சி ஒரு தவணையைத் தள்ளிப்போட்டேன். முதலாவதை மட்டும் சாட்சியாகச் சொன்னால் நான் பாதிப் பொய் சொன்னவள் ஆவேன். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் தங்கச்சி வீட்டுக்கே வந்து விரலை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுத்துவிட்டுப் போகிறது. அதையும் ஜெபத்துக்கு வந்த பதிலாகத்தான் எண்ணுகிறேன். அற்புதம் என்று மைக்கில் சொன்னால் யாரும் கை தட்டமாட்டார்கள், பரவாயில்லை.

எங்கள் சபை ஐயரிடம், அதாவது போதகரிடம், கேட்டிருக்கிறேன். அடுத்த சாட்சி நேரத்தில் இரண்டு பேராவது இன்னும் பதில் வராத காரியத்தைச் சொல்லட்டும், சபை கை தட்ட வேண்டாம், விளக்கமும் சொல்ல வேண்டாம், கேட்டால் போதும் என்று. "கமிட்டியில பேசணும்மா" என்றிருக்கிறார். கமிட்டி என்றால் தெரியும் இல்லையா, கிறிஸ்துமஸ் வந்துவிடும்.

அதுவரை இங்கேயே ஆரம்பிப்போம். கீழே வெறும் ஆமென் போட்டுவிட்டுப் போகாதீர்கள். எதற்காகக் காத்திருக்கிறீர்கள், எவ்வளவு நாளாகக் காத்திருக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். பதில் வராததாக இருந்தால் ரொம்ப நல்லது. ராத்திரி மாவு இடிக்கும்போது பேர் சொல்லி ஜெபிக்கிறேன். யாருக்காவது யாராவது அறிவுரை எழுதினால் அழித்துவிடுவேன், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.