மால்வன் பவளம் வெறும் கல் அன்று

மகாராஷ்டிரக் கடலோர ஊரான மால்வனுக்கு ஸ்கூபா டைவிங் போகிறவர்கள் கரையொதுங்கிய செத்த பவளத்தை வீட்டு ஷோகேஸுக்கு எடுத்து வரலாம், அது வெறும் கல்தான் என்று மும்பைத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி தவறானது.

அந்த வெள்ளைத் துண்டை உற்றுப் பார்த்தால் தெரிகிற நட்சத்திர வடிவக் குழிகள் ஒவ்வொன்றிலும் ஒரு சிற்றுயிர் வாழ்ந்து, கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்தெடுத்துத் தன் கூட்டைக் கட்டியிருக்கிறது. அவ்வுயிர் செத்த பிறகும் அக்கூட்டின் இடுக்குகளில் மீன்குஞ்சுகளும் நண்டுகளும் ஒண்டி வாழ்கின்றன. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கும் அதே பட்டியலில், 2001இல் இப்படிச் சுண்ணாம்புக் கூடு கட்டும் கற்பவளங்களும் சேர்க்கப்பட்டன. ஆகவே உயிரற்ற துண்டை வைத்திருப்பதும் குற்றமே. மால்வன் கடற்பகுதியோ 1987 முதல் சரணாலயம்.

செய்தியைப் பகிர்ந்தவர்கள் அதே குழுவில் இத்திருத்தத்தையும் பகிருமாறு வேண்டுகிறேன்.