டெரிக் நடிகருக்குப் போர்க்குற்றத் தண்டனையா?

'டெரிக்' துப்பறியும் தொடரின் நாயகன் ஹோர்ஸ்ட் டாப்பர்ட்டுக்கு 2013-இல் போர்க்குற்றத் தண்டனை கிடைத்தது, ஜெர்மன் அரசு தொடரைத் தடை செய்தது, ஜெர்மனி விஷயத்தை மூடி மறைத்தது என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. தவறு.

முதலில், டாப்பர்ட் 2008 டிசம்பரிலேயே இறந்துவிட்டார். அப்புறம் எப்படித் தண்டனை? 2013-இல் வெளிவந்தது வேறு விஷயம். 1943-இல், இன்னும் 20 வயதுகூட ஆகாத டாப்பர்ட், நாஜிகளின் எஸ்.எஸ். அமைப்பின் ஆயுதப் படையான வாஃபன் எஸ்.எஸ்.-இல், 'டோட்டன்கோப்ஃப்' (மண்டையோடு என்று பொருள்) பிரிவில் இருந்தார் என்று பழைய படைவீரர் ஆவணம் காட்டியது. அவர் குற்றம் செய்ததாக எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. உயிரோடு இருந்தவரை இதை அவர் வெளியே சொல்லாததுதான் பலருக்கு உறுத்தியது.

தடையும் இல்லை. இனி மறு ஒளிபரப்பு கிடையாது என்று தொடரை ஒளிபரப்பிய இசட்.டி.எஃப். தொலைக்காட்சி தானாக முடிவெடுத்தது, அவ்வளவுதான். 281 அத்தியாயங்களையும் எழுதிய ஹெர்பர்ட் ரைனெக்கரும் எஸ்.எஸ். பிரச்சாரப் பிரிவில் இருந்தவர். அது முன்பே தெரிந்த சங்கதி. ஆகவே 'ஜெர்மனி மூடி மறைத்தது' என்பதும் அரைகுறைப் பேச்சு.

2013 ஏப்ரல் மாத ஜெர்மன் நாளிதழ்களில் இதைச் சரிபார்க்கலாம். அந்த ஃபார்வர்டு வந்தால் மேலே அனுப்பாதீர்கள்.