எபோஷி வெறும் வில்லி இல்லை
'இளவரசி மோனோனோகே' (1997) என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்துக்கு நான் படித்த ஒரு விமர்சனத்தில், இரும்பு உருக்கும் ஊரின் தலைவி எபோஷியைக் காட்டை அழிக்கும் வில்லி என்று ஒரே வரியில் முடித்துவிட்டது சரியாகப் படவில்லை. காட்டை அழிக்கிறாள், சரி. பன்றித் தெய்வத்தின் உடலில் பாய்ந்த இரும்புக் குண்டும் அவளுடையதுதான். ஆனால் விலைமாதர் விடுதிகளுக்கு விற்கப்பட்ட பெண்களை மீட்டு வந்து, உலைத் துருத்தி மிதிக்கும் வேலை கொடுத்தவளும் அவள்தானே? அந்தப் பன்றியின் சாபம் பிடித்த நாயகன் அஷிடகாவின் வலது கை அவளைக் கொல்லத் தானாகவே வாளைத் தேடும். இடது கையால் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்வான். அப்போது உடம்பெல்லாம் துணி சுற்றிப் படுத்திருக்கும் தொழுநோயாளி, எங்கள் அழுகிய சதையைக் கழுவிக் கட்டுப்போட்டவர் இவர் ஒருவர்தான், கொன்றுவிடாதே என்று கெஞ்சுவார். நான் படத்தை அங்கேயே நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஓநாயிடம் கையை இழந்த பிறகும் நல்லதொரு ஊரை முதலிலிருந்து கட்டலாம் என்கிறாள் எபோஷி. இயக்குநர் மியாசாகி அவளைத் தண்டித்து அனுப்பவே இல்லை.