சிவப்பணு எவ்வளவு தூரம் மூளையைக் காட்டும்?
பூச்சிக்கொல்லி நஞ்சில் மூளையின் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் (நரம்புச் சமிக்ஞையை அணைக்கும் நொதி) எவ்வளவு முடங்கியது என்று ரத்தமே காட்டிவிடும் என்கிறது ஒரு கட்டுரை. பாதி சரி. சிவப்பணுவில் இருப்பதும் அதே நொதிதான். பிளாஸ்மாவில் இருப்பது கல்லீரல் தயாரிக்கும் வேறொன்று. ஆனால் சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது, புது நொதி செய்யத் தெரியாது. பழைய அணுக்கள் போய்ப் புதியவை நிரம்ப 120 நாள் வரை ஆகும். மூளையோ தானே புதுப்பித்துக்கொள்ளும். அதனால் சில வாரம் கழிந்தால் இரண்டு கணக்கும் ஒத்துப்போகாது. இயல்பு அளவும் ஆளுக்கு ஆள் வேறு. பூச்சிமருந்து தெளிக்கும் முன்பே ஒரு தடவை ரத்தம் எடுத்து அளந்து வைத்தால்தான் ஒப்பிட வசதி. தென்னாப்பிரிக்காவில், எங்கள் நேட்டால் கரும்புத் தோட்டத் தொழிலாளர்களுக்கு அப்படிச் செய்யலாம். எலிமருந்து என்று தெருவில் பொட்டலம் போட்டு விற்கும் டெர்பூஃபாஸ் என்ற பூச்சிக்கொல்லிக்கு? 2024இல் சொவேட்டோவில் ஆறு குழந்தைகளைக் கொன்றது அதுதான். அவர்களுக்கு முன்கூட்டியே யார் ரத்தம் எடுத்து வைத்திருப்பார்கள்?