கூத்தடித்தோம், ஆமாம்

மூன்று நாளாக அந்த நாற்பது நொடிக் காணொளியைப் பற்றி ஒன்றும் எழுதாமல் இருந்தேன். நேற்று இரவு அது என் அம்மாவின் போனுக்கே வந்துவிட்டது. சொந்தக்காரர் யாரோ குடும்பக் குழுவில் போட்டிருக்கிறார். மேலே இருந்த வரியை உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள்: "பாடம் நடத்தச் சொன்னால் கூத்தடிக்கிறார்கள்." அம்மா அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இது உங்க பள்ளிக்கூட வராண்டா மாதிரி இருக்கே" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆமாம், கூத்தடித்தோம். சிலப்பதிகாரத்தைக் கூத்தாகத்தான் நடத்தினோம். முத்தமிழ்க் காப்பியம், நாடகக் காப்பியம் என்று ஒரு மதிப்பெண் வினாவுக்கு விடை எழுத வைக்கிறோமே, அந்த நூலைத்தான். நாடகக் காப்பியம் என்று எழுதினால் மதிப்பெண் உண்டு, நாடகமாக ஆடினால் புகார் உண்டு என்றால் அதை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

காணொளியில் தெரிவது இதுதான்: வராண்டாவில் அறுபது எழுபது பிள்ளைகள், ஒரே கூச்சல். ஒரு பையன் ஓடுகிறான், மற்றவர்கள் அவனைக் காட்டி "கள்வன், கள்வன், பிடி" என்று கத்துகிறார்கள். பார்த்தால் யாருக்கும் கோபம் வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எடுத்தவர் அங்கேயே நிறுத்திவிட்டார். அடுத்த கால்மணி நேரம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

அன்று நடந்ததைச் சொல்கிறேன். பள்ளிக்கூடம்தான் மதுரை. முன்வாசல் கோட்டை வாயில், வராண்டா கடைவீதி, சைக்கிள் நிறுத்துமிடம் பாண்டியன் அவை. பார்க்க வந்த பிள்ளைகளுக்கு உட்கார இடமே கிடையாது. அவர்கள்தான் மதுரை மக்கள், கதையோடு கூடவே நடந்து வரவேண்டும். கடைவீதியில் பொற்கொல்லன் ஒவ்வொருவரிடமும் போய், "கையில் சிலம்போடு ஒருத்தன் வந்தானே, பார்த்தீர்களா?" என்று நைச்சியமாகக் கேட்பான். என்ன செய்யவேண்டும் என்று நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர்களாகவே கையைக் காட்டினார்கள், அவர்களாகவே கத்தினார்கள். கோவலனைப் பார்த்த காவலர்கள்கூட, இவனைப் பார்த்தால் கொலைத்தண்டனைக்கு உரியவனாகத் தெரியவில்லையே என்று தயங்கியதாக இளங்கோவடிகள் எழுதியிருக்கிறார். என் பிள்ளைகள் தயங்கவில்லை. அந்தக் கூச்சல்தான் அந்தக் காணொளி.

அப்புறம் சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு வந்தார்கள். கண்ணகி "தேரா மன்னா செப்புவது உடையேன்" என்று ஆரம்பித்தாள். சிலம்பு உடைந்தது. பாண்டியனாக நின்ற பத்தாம் வகுப்புப் பையன், மேசை மேல் போட்டிருந்த பழைய சால்வையைப் பிடித்துக்கொண்டு, "யானோ அரசன், யானே கள்வன்" என்றான். கள்வன். பத்து நிமிடத்துக்கு முன்னால் வராண்டாவில் அவர்கள் எல்லோரும் சேர்ந்து கத்திய அதே சொல். ஒரு பிள்ளை அசையவில்லை. முன்னால் நின்ற ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, வராண்டாவில் நீட்டிய கையை இன்னொரு கையால் மூடிக்கொண்டாள். பதினான்கு வருடமாக வழக்குரை காதையைக் கரும்பலகையில் எழுதி, சொற்பொருள் சொல்லி, இலக்கணக் குறிப்பு சொல்லி நடத்தியிருக்கிறேன். அந்தச் சொல்லின் கனத்தை ஒருவருக்கும் என்னால் கொண்டுபோய்ச் சேர்க்க முடிந்ததில்லை. அன்று சேர்ந்தது.

இதைத்தான் கூத்தடிப்பது என்கிறார்கள்.

"பாடம் முடிக்காமல் இது எதற்கு? தேர்வில் நாடகமா கேட்கப்போகிறார்கள்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஐயா, எங்களுக்குச் செலவானது இரண்டு பாடவேளையும் நான்கு சனிக்கிழமையும். அந்தச் சனிக்கிழமைகள் என்னுடையவை, யாருடைய வரிப்பணமும் அதில் இல்லை. கண்ணகியாக நின்ற பெண்ணுக்கு மனப்பாடப் பகுதி எட்டு வரியே ஏறாது என்று எல்லா ஆசிரியரும் சொல்வார்கள். அவள் அந்தக் காதையில் தன் பேச்சு முழுவதையும், அதோடு வாயிற்காவலன் பேச்சையும் சேர்த்துச் சொல்கிறாள். யாரும் உட்கார வைத்து ஒப்பிக்கச் சொல்லவில்லை. அவளுக்கு அது தேவைப்பட்டது, கற்றுக்கொண்டாள்.

செலவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: அறுநூறு ரூபாய் ஆனது, என் பையிலிருந்து. பக்கத்து வகுப்புக்குச் சத்தம் கேட்டது உண்மை. அந்த ஆசிரியரிடம் அன்று மாலையே போய் வருத்தம் சொல்லிவிட்டேன்.

இன்னொரு கேள்வி வந்தது, அது மட்டும் என்னை யோசிக்க வைத்தது. நாடகமாகப் போட்டால் வேடமும் கூச்சலும் நினைவில் நிற்கும், நூல் காணாமல் போகும் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். இது நியாயமான பயம். இரண்டு வருடத்துக்கு முன் எனக்கே அது நடந்தது. கோவலன் மாதவி கதையைச் சினிமா வசனம்போல எழுதிக் கொடுத்தேன். பிள்ளைகள் மாதவியின் புடவையைத் தவிர ஒன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் இந்த முறை இளங்கோவடிகளின் வரியை ஓர் எழுத்துகூட மாற்றாமல் வைத்தோம். புரியாத இடத்தைக் கட்டியக்காரன் பேச்சுத்தமிழில் சொல்வான், கூத்தில் செய்வதுபோலவே.

நூல் காணாமல் போகவில்லை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். அரங்கேற்று காதையில் மேடைக்கு அளவு இருக்கிறது. இருபத்துநான்கு பெருவிரல் ஒரு கோல். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். எங்கள் விளையாட்டு ஆசிரியரைக் கூப்பிட்டு அவருடைய கட்டைவிரலால் பிள்ளைகள் ஒரு குச்சியை அளந்து வெட்டினார்கள். அந்தக் குச்சியை வைத்து மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். பதினொரு அடி அகலம், பன்னிரண்டரை அடி நீளம். "மாதவி இத்துனூண்டு இடத்துலயா டீச்சர் ஆடினா?" என்று ஒருத்தி கோட்டுக்குள் நின்று சுற்றிப் பார்த்தாள். அரசன் உட்கார்ந்தால் ஆடுபவளின் கண் இமைப்புகூடத் தெரியும் தூரம் அது. அந்த வரிகளை நான் இதுவரை கணக்குப்போலத்தான் நடத்திக்கொண்டிருந்தேன்.

சரி, இப்போது என்னை ரொம்பவும் புண்படுத்தியதற்கு வருகிறேன். கருத்துப் பெட்டியில் ஒருவர், "கண் தெரியாத குழந்தையை நடுவில் நிறுத்தி விளம்பரம் தேடுகிறார்கள், பாவம்" என்று எழுதியிருந்தார். அதற்கு இருநூறு பேர் விருப்பம் தெரிவித்திருக்கிறார்கள்.

அந்தப் பெண் ஒன்பதாம் வகுப்பு. பிறவியிலேயே பார்வை இல்லை. அவளை யாரும் நிறுத்தவில்லை. அவள்தான் எங்களை நிறுத்தினாள். ஒத்திகைக்கு இரண்டு சிலம்பு செய்தோம். இரண்டு சின்னத் தகர டப்பா. ஒன்றில் அறுந்துபோன முத்துமாலையின் மணிகள், இன்னொன்றில் கூர்மையான சல்லிக்கல். மேலே நூல் சுற்றி வளையமாக்கி மஞ்சள் காகிதம் ஒட்டினோம். அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். வழக்கே அந்தப் பரலில், சிலம்புக்குள் கிடக்கும் மணியில்தான் நிற்கிறது. அவள் இரண்டையும் வாங்கிக் காதருகே வைத்து மாற்றி மாற்றிக் குலுக்கினாள். முத்து வழுக்கிக்கொண்டு ஓடும் சத்தம், கல் கரகரக்கும் சத்தம். அப்புறம் கேட்டாள்: "டீச்சர், இதை எதுக்கு உடைக்கணும்? குலுக்கினாலே தெரியுதே. கோப்பெருந்தேவிக்குத் தன் சிலம்புச் சத்தம் தெரியாதா?"

வகுப்பே திரும்பிப் பார்த்தது. எனக்குப் பதில் இல்லை. தினமும் காலில் போட்டு நடந்தவளுக்குத் தெரியாதா? அரசன் ஏன் அரசியைக் கூப்பிட்டு ஒரு தடவை கேட்கவில்லை? கண்ணகி தன் சிலம்பின் பரலைச் சொன்னதும், "செவ்வை நன்மொழி" என்று ஒப்புக்கொண்டு, எங்களுடையது முத்துப் பரல் என்று தானே வாய்விட்டுச் சொல்கிறானே, அதை ஒரு நாள் முன்னால் யோசித்திருந்தால்? ஒரு பாடவேளை முழுவதும் பிள்ளைகள் இதைத்தான் சண்டை போட்டார்கள். அதன் பிறகு கண்ணகி உடைப்பதற்கு முன்னால் இரண்டு சிலம்பையும் மக்கள் கையில் கொடுத்துக் குலுக்க வைப்பது என்று முடிவு செய்தோம். அந்த யோசனை அவளுடையது. கண் உள்ள நாங்கள் யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டவளைப் பாவம் என்று எழுதுகிறீர்கள்.

சக்கர நாற்காலியில் வரும் ஒரு பெண்ணும் எங்களிடம் படிக்கிறாள். பாண்டியன் அவை மாடி அரங்கில் இருந்தால் அழகாக இருக்கும் என்று முதலில் எல்லோரும் சொன்னோம். மாடியில் வைத்தால் அவள் மதுரைக்குள்ளேயே வரமுடியாது. அதனால்தான் சைக்கிள் நிறுத்துமிடம். கூட்டத்தில் பேசவே பேசாத ஒரு பையன் வாயிற்காவலனாக நின்றான். அவனுக்கு வேலை, கண்ணகியின் கோபத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்ச் சொல்வது. வீட்டில் இதுவரை யாருக்கும் போன்கூட எடுக்காத பிள்ளை என்று அவன் அம்மா சொன்னார். எல்லாப் பிள்ளையும் உள்ளே வரும் மாதிரி ஒரு பாடத்தை நடத்துவது விளம்பரம் என்றால், விளம்பரம் தேடியதாகவே இருக்கட்டும்.

இது என்னமோ வெளிநாட்டிலிருந்து இறங்கிய புது முறை என்றும் சிலர் நினைக்கிறார்கள். எங்கள் ஊர் செய்யாற்றுப் பக்கம். அங்கே திரௌபதி அம்மன் கோயில் பாரதம் நடக்கும்போது, பகலில் பிரசங்கியார் வில்லிபாரதப் பாட்டைச் சொல்லி அர்த்தம் சொல்வார். ராத்திரி அதே கட்டம் விடிய விடியக் கூத்தாக நடக்கும். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுள்ள நூல் அது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத என் பாட்டிக்கு அதில் எத்தனையோ பாட்டு வாயில் நின்றது. அர்ச்சுனன் தபசு அன்று வேடக்காரர் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். மேலேயிருந்து எலுமிச்சம்பழம் விழும், கீழே பெண்கள் முந்தானையை விரித்துக்கொண்டு நிற்பார்கள். பீமன் சோற்று வண்டியில் பகாசுரனைத் தேடி எங்கள் தெரு வழியாகவே போவான். கடைசி நாள் படுகளத்தில் துரியோதனன் மண்ணால் ஆன பெரிய உருவமாகத் தரையில் கிடப்பான். ஏழு வயதில் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவன் கால்விரலிலிருந்து தலைவரைக்கும் நடந்து போயிருக்கிறேன். எனக்குப் பாரதம் புத்தகத்திலிருந்து வரவில்லை. ஊருக்குள்ளேயே நடந்தது.

அந்தத் தாத்தா கூத்துக்காரர். திரௌபதி வேடம் கட்டுவார். துகிலுரிதல் ராத்திரிக்குப் பகலெல்லாம் சாப்பிட மாட்டார். அவர் குழுவின் கிரீடமும் தோள்கட்டையும், கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை, எங்கள் வீட்டுப் பரண்மேல் இன்னும் இருக்கின்றன. என் அப்பாவை மூன்றாம் வகுப்பில் அவருடைய வாத்தியார் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய், கூத்தாடி மவனே" என்றுதான் கூப்பிடுவாராம். அப்பா அந்த வருடத்தோடு படிப்பை நிறுத்தினார். காரணத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நான் ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்த அன்று ராத்திரி என்னிடம் சொன்னார்.

இப்போது அம்மா ஏன் அந்த வரியை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள் என்று உங்களுக்குப் புரியும். "கூத்தடிக்கிறார்கள்" என்பது உங்களுக்குச் சும்மா வாயில் வரும் ஒரு சொல். விடிய விடிய ஆடி, ஒரு ஊருக்கே இலக்கியம் சொல்லிக்கொடுத்த மனிதர்களின் பெயரை எடுத்துத்தான் பொறுப்பில்லாதவர்களைத் திட்டுகிறீர்கள். என்னைத் திட்டுங்கள், தாங்கிக்கொள்கிறேன். அந்தச் சொல்லை வைத்துத் திட்டாதீர்கள்.

இரண்டாம் நாள் நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஏன் என்று எழுத்தில் தரவில்லை. முழுப் பதிவு என்னிடம் இருக்கிறது, ஐம்பத்திரண்டு நிமிடம். போடு, வாயை மூடுவார்கள் என்று நிறையப் பேர் சொல்கிறீர்கள். போடமாட்டேன். பிள்ளைகளின் முகம் இருக்கிறது. பார்க்க வேண்டும் என்பவர்கள் என் வீட்டுக்கு வாருங்கள், உட்கார்ந்து பார்க்கலாம். காணொளியைப் பரப்பியவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டாம் நாள்தான் பார்ப்பதாக இருந்தது. நேற்று மதிய இடைவேளையில் நான்கு பேர் வந்து, நாடகம்தான் இல்லை, அந்தச் சிலம்பை மட்டுமாவது காட்டுங்கள் டீச்சர் என்றார்கள். எடுத்துக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு குலுக்கிப் பார்த்தார்கள்.