அது செம்மண் அல்ல, ஐயா

சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய ராயபுரத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் படிந்திருக்கும் சிவப்பு, இரும்புத்தாதுத் தூசு என்று நேற்று குழுவில் சொன்னேன். வந்த பதில் இது: 'ராயபுரத்தில் ஏது இரும்புச் சுரங்கம்? சுவரில் இருப்பது வெறும் செம்மண். வடசென்னைக்காரர்களுக்கு எதற்கெடுத்தாலும் புலம்பல்.' கூடவே மூன்று சிரிப்புப் பொம்மைகள்.

சுரங்கம் இல்லைதான். இருக்கிறது என்று யார் சொன்னார்கள்? தாது வந்தது கர்நாடகத்திலிருந்து. பெல்லாரி, ஹோஸ்பேட் பக்கத்து மலைகளை வெட்டி, கூட்ஸ் வண்டியில் ஏற்றிச் சென்னைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார்கள். இங்கிருந்து ஜப்பானுக்கும் பிறகு சீனாவுக்கும் கப்பலில் போனது. 1977 முதல் இயந்திரத்தால் தாதுவை ஏற்றுவதற்கென்றே துறைமுகத்தில் ஒரு கப்பல் தளம் இருந்தது. மலை அங்கே, உருக்காலை கடலுக்கு அப்பால். நடுவில் இறக்கி, குவித்து, ஏற்றிய இடம் எங்கள் ஊர்.

'சேலத்திலேயே இரும்பு இருக்கிறதே' என்கிறார் இன்னொரு மேதாவி. இருக்கிறது, கஞ்சமலையில். அது மேக்னடைட் என்ற வகை இரும்புத்தாது; பொடித்தால் கறுப்பு. பெல்லாரித் தாது ஹேமடைட் என்ற வேறு வகை, பொடித்தால் சிவப்பு. எங்கள் சுவரை வந்து சுரண்டிப் பாருங்கள், வழி சொல்கிறேன்.

ஆறாம் வகுப்பில் எனக்கு வெள்ளைச் சட்டைதான் சீருடை. அம்மா அதை மாடியில் காயப்போடவே மாட்டார். கூடத்தில் கொடி கட்டி, மின்விசிறிக்குக் கீழே உலர்த்துவார். அப்படியும் காலர் மடிப்பில் சிவப்பு ஏறிவிடும். ஒருநாள் காலை வழிபாட்டில் ஆசிரியர் ஒருவர் என்னை முன்னால் நிறுத்தி, "உங்கள் வீட்டில் சோப்பே வாங்குவதில்லையா?" என்று கேட்டார். பள்ளியே சிரித்தது. வீட்டில் நான் சொல்லவில்லை. இதைப் படித்தால்தான் அம்மாவுக்கே தெரியும்.

'துறைமுகம் வேலை கொடுத்ததே?' கொடுத்தது. என் சித்தப்பாவே அங்கே சுமை தூக்கியவர். அந்தச் சோற்றை நானும் தின்றிருக்கிறேன். அதற்காகச் சுவரில் இருப்பதைச் செம்மண் என்று சொல்ல வேண்டுமா? 'இரும்பு இல்லாமல் வீடு கட்டுவீர்களா?' என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

'2011-இல்தான் நீதிமன்றம் நிறுத்திவிட்டதே!' ஆமாம். நிலக்கரியையும் இரும்புத்தாதுவையும் சென்னைத் துறைமுகத்தில் கையாளக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அந்த நிலக்கரி எங்கே போனது? எண்ணூருக்கு. அதுவும் வடசென்னைப் பக்கம்தான். எண்ணூர் என்ன, தென்சென்னையில் திருவான்மியூருக்குப் பக்கத்திலா இருக்கிறது?

பெல்லாரி, ஐயா. பெல்லாரி. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா இன்றைக்கும் துணியைக் கூடத்தில்தான் காயப்போடுகிறார். இப்போதுதான் தாது வருவதில்லையே, மாடியில் போடலாமே என்றால், "காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, பார்த்தாயா?" என்று கேட்கிறார்.