சதவீதம் சரி, எத்தனை பேரில்?
எதிர்ப்புத்திறன் சதவீதம், அதாவது ஆன்டிபயாடிக்குக்கு மசியாத கிருமிகளின் பங்கு, கூடிய வட்டாரத்தில்தான் ஆபத்து அதிகம் என்று இந்தக் கட்டுரை சொல்வதை அப்படியே ஏற்க முடியவில்லை. யாருக்கு, எப்போது ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது அது. நான் ஆய்வகத்தில் இருந்தபோது, இரண்டு ஆன்டிபயாடிக் போட்டும் காய்ச்சல் அடங்காத பிறகுதான் ரத்த பாட்டில் எங்கள் கைக்கு வரும். மருந்துக்கு மசிகிற கிருமி அதற்குள் செத்திருக்கும்; தட்டில் பிசுபிசுவென்று வளர்வது பெரும்பாலும் மசியாத கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாதான். சதவீதம் எகிறாமல் என்ன செய்யும்? மேலே கருத்து எழுதிய ஒருவர் எல்லா கல்ச்சர் ரிப்போர்ட்டையும் கூட்டினால் போதும் என்கிறார். ஐசியுவில் ஒரே நோயாளிக்கு ஐந்து தடவை கல்ச்சர் போகும், ஐந்தையும் எண்ணுவதா? 2015-ல் உலக சுகாதார நிறுவனம் தொடங்கிய 'கிளாஸ்' (GLASS) என்ற ஆன்டிபயாடிக் எதிர்ப்புத்திறன் கண்காணிப்பில், ஒரு நோயாளியின் ஒரே வகை மாதிரியில் ஒரே கிருமி திரும்பத் திரும்ப வந்தாலும் முதல் முடிவுக்கு மட்டுமே கணக்கு.